கருங்கல் எங்கே உருகியது? பழைய எரிமலைப் பாறைகளின் வேதியியல் மூலம்

வேலூரிலிருந்து கண்ணமங்கலம், போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்குப் பேருந்தில் செல்பவர்கள், வெளிறிய சாம்பல் நிறக் குன்றுகளின் மேல் சில இடங்களில் கன்னங்கரிய உருண்டைக் கற்கள் ஒரே வரிசையில் கிடப்பதைப் பார்த்திருக்கலாம். தூரத்திலிருந்து அது இடிந்துபோன மதில்போலத் தோன்றும். இந்தக் கல்லைக் குவாரியில் வெட்டி, மெருகேற்றி, ‘கருப்பு கிரானைட்’ என்ற பெயரில் விற்கிறார்கள். நம் வீட்டுச் சமையல் மேடைகளில் பலவும் இந்த வகைக் கல்தான். ஆனால் நிலவியல் கணக்கில் இது கிரானைட் அன்று. இதன் பெயர் டோலரைட். எரிமலை வழியே வெளியே வழிந்து ஆறினால் பசால்ட் ஆகும் அதே பாறைக்குழம்பு, நிலத்தடி வெடிப்பு ஒன்றில் ஏறி நின்று மெதுவாக இறுகினால் டோலரைட் ஆகிறது. இப்படிச் சுவர்போல நிற்கும் பாறையை நிலவியலாளர்கள் ‘டைக்’ என்று அழைப்பார்கள். தென்னிந்தியாவின் டைக்குகளில் பெங்களூரைச் சுற்றியுள்ள ஒரு பெருந்தொகுதி மட்டும் சுமார் 237 கோடி ஆண்டுகள் பழமையானது. மகாராஷ்டிரத்தின் தக்காணப் பசால்ட் படுகைகளுக்கு வயது வெறும் 6.6 கோடி ஆண்டுகள் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இந்தப் பழமையின் அளவு ஓரளவு பிடிபடும்.

இந்த டைக்குகள் ஒரு காலத்தில் எந்த எரிமலைக்காவது குழம்பைக் கொண்டு சென்றிருந்தால், அந்த எரிமலை இப்போது இல்லை. அதன் வாயும் கூம்பும் சாம்பலும் மழையிலும் காற்றிலும் கரைந்து கடலுக்குப் போய்விட்டன. எரிமலை மட்டுமல்ல, அதன் அடியில் இருந்த நிலமும் பெருமளவு தேய்ந்துவிட்டது. சென்னை பரங்கிமலையில் காணப்படும் சார்னோக்கைட் என்ற பாறை நம் வட ஆர்க்காட்டுப் பகுதியிலும் பரவலாக உண்டு; அது உருவாவதற்கு நிலத்துக்கு அடியில் 20 கி.மீ. அளவிலான ஆழத்தில் நிலவும் அழுத்தமும் 700 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும் தேவை. அத்தகைய பாறை இன்று நம் காலடியில் கிடக்கிறது என்றால், அதன் மேல் இருந்த அத்தனை கனமும் அரிக்கப்பட்டுவிட்டது என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. வடிவங்கள் எல்லாம் அழிந்த பிறகு எஞ்சி நிற்பது பாறையின் வேதியியல் மட்டுமே. எந்தத் தனிமம் எத்தனை பங்கு இருக்கிறது என்ற கணக்கைக் கொண்டு, இந்தக் குழம்பு எந்த ஆழத்தில் பிறந்தது, மூலப்பாறையில் எத்தனை பங்கு உருகியது, வரும் வழியில் எதைச் சேர்த்துக்கொண்டது, எதை விட்டுவிட்டு வந்தது என்பவற்றைக் கண்டறிவதே புவி வேதியியலின் வேலை.

முதலில் பரவலான ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். நிலத்துக்கு அடியில் எங்கும் நெருப்புக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், நாம் நிற்கும் மேலோட்டின் அடியிலிருந்து ஏறக்குறைய 2,900 கி.மீ. ஆழம் வரை உள்ள ‘கவசம்’ என்ற அடுக்கு திடமான பாறைதான். நிலநடுக்க அலைகளில் ஒரு வகை திரவத்தின் வழியே செல்லாது. அந்த அலைகள் கவசத்தை ஊடுருவிச் செல்கின்றன. கவசத்தின் பாறைக்குப் பெரிடோடைட் என்று பெயர். அதில் சிலிக்கா சுமார் 45 சதவீதமும் மக்னீசியம் ஆக்சைடு சுமார் 38 சதவீதமும் இருக்கும். இந்தத் திடப்பாறை மூன்று சூழல்களில் உருகும்: மேல்நோக்கி எழும்போது அழுத்தம் குறைந்தால் உருகும், தண்ணீர் சேர்ந்து உருகுநிலை தாழ்ந்தால் உருகும், கீழிருந்து கூடுதல் வெப்பம் வந்தாலும் உருகும். இவற்றில் எது நடந்தாலும் பாறை முழுவதும் ஒருசேர உருகிவிடுவதில்லை. பெரும்பாலும் நூறில் ஒன்றிரண்டு பங்கிலிருந்து இருபது பங்கு வரைதான் உருகுகிறது, மற்றது திடமாகவே நிற்கிறது. இதற்குப் ‘பகுதி உருகல்’ என்று பெயர். இந்தக் கட்டுரையில் இனி வரும் அனைத்தும் இந்த ஒரு நிகழ்வையே சார்ந்திருக்கிறது.

புளி கரைப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஊறிய புளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிழிந்தால் முதலில் வருவது கெட்டியான, நல்ல புளிப்புள்ள சாறு. இன்னும் நிறையத் தண்ணீர் விட்டுப் பிழிந்தால் சாற்றின் அளவு கூடும், புளிப்பு நீர்த்துப்போகும். எல்லாம் முடிந்தபின் கையில் நிற்கும் சக்கையில் நாரும் கோதும் இருக்குமே தவிரப் புளிப்பு அநேகமாக இருக்காது. கவசப்பாறை உருகுவதும் ஏறத்தாழ இப்படித்தான். சில தனிமங்கள் உருகத் தொடங்கிய உடனேயே குழம்புக்குள் ஓடிவிடும். பொட்டாசியம், ருபிடியம், பேரியம், தோரியம், யுரேனியம், நியோபியம், லாந்தனம் ஆகியவை அந்த இனம். வேறு சில, குறிப்பாக நிக்கல், குரோமியம் ஆகியவை திடப்படிகங்களை விட்டு எளிதில் நகராமல் சக்கையோடு தங்கிவிடும். முதல் இனத்தை ‘ஒவ்வாத் தனிமங்கள்’ என்றும் இரண்டாவதை ‘ஒத்த தனிமங்கள்’ என்றும் சொல்லலாம்.

இந்த ஒவ்வாமைக்குக் காரணம் அயனியின், அதாவது மின்சுமை பெற்ற அணுவின், பருமனும் அதன் மின்சுமையும்தான். கவசத்தின் முக்கியக் கனிமமான ஆலிவினின் படிகத்தில் மக்னீசியமும் இரும்பும் அமரும் இடங்கள் குறிப்பிட்ட அளவில் இருக்கின்றன. நிக்கல் அயனி அந்த இடத்தில் கச்சிதமாக அமர்ந்துவிடும். பொட்டாசியம் அயனி அதற்கு மிகப் பெரியது. தோரியத்தின் மின்சுமை மிக அதிகம். இவற்றுக்கு அங்கே இடமில்லை. திரவம் என்று ஒரு துளி உருவானதும், கட்டுக்கோப்பு தளர்ந்த அந்தத் திரவத்துக்குள் இவை சென்றுவிடுகின்றன. பருமனும் மின்சுமையும் தனிமங்களின் இருப்பிடத்தைத் தீர்மானிக்கின்றன என்ற இந்த அடிப்படையை 1920களில் வகுத்துத் தந்தவர்களில் முதன்மையானவர் புவி வேதியியலாளர் விக்டர் கோல்ட்ஷ்மிட்.

ஆகவே ஒரு பழைய எரிமலைப் பாறையில் ஒவ்வாத் தனிமங்கள் மிகுந்திருந்தால், அது முதற்பிழிவு, அதாவது மிகக் குறைந்த அளவு உருகிய குழம்பு என்று ஊகிக்கலாம். மக்னீசியம் மிகுந்து ஒவ்வாதவை நீர்த்துப்போயிருந்தால் மிக அதிக அளவு உருகியிருக்கிறது. இந்த இரண்டாம் வகையின் உச்சம் கோமாட்டியைட் என்ற லாவா. தென்னாப்பிரிக்காவின் கோமாட்டி ஆற்றின் பெயரால் 1969இல் பெயரிடப்பட்ட இந்தப் பாறையில் மக்னீசியம் ஆக்சைடு 18 சதவீதத்துக்கு மேல் இருக்கும். இன்றைய பசால்ட் லாவா சுமார் 1,200 டிகிரியில் வழிகிறது என்றால், கோமாட்டியைட் 1,600 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் வழிந்திருக்க வேண்டும். 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அதிகமாகவும் அதன்பின் மிக அரிதாகவும் காணப்படுவதால், பழைய பூமியின் உட்புறம் இன்றைவிட வெப்பமாக இருந்தது என்பதற்கு இது வலுவான சான்று. இதைப் படிக்க நாம் ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. குடியாத்தம், பேரணாம்பட்டு மலைகளைத் தாண்டினால் வரும் கோலார் தங்கவயலின் பாறைப்பட்டையில், கோமாட்டியைட் தன்மையுள்ள லாவாவும் சாதாரண பசால்ட் லாவாவும், சுமார் 270 கோடி ஆண்டு வயதோடு, உருமாறிய நிலையில் இருக்கின்றன. தங்கத்துக்காக அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர்கள் எத்தனையோ பேர் நம் மாவட்டத்துக்காரர்கள். அவர்களைச் சுற்றியிருந்த கரும்பச்சைப் பாறை ஒரு காலத்தில் ஓடிய லாவா என்பதை நம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

எத்தனை பங்கு உருகியது என்பதற்கு அடுத்தபடியாக, எந்த ஆழத்தில் உருகியது என்ற கேள்வி வருகிறது. இதற்கு விடை தருபவை அருமண் தனிமங்கள். லாந்தனத்தில் தொடங்கி லுட்டீசியத்தில் முடியும் இந்தப் பதினைந்தும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்போல வேதியியல் குணத்தில் ஒத்தவை. பெரும்பாலான சூழல்களில் அனைத்துக்கும் மின்சுமை மூன்று. ஆனால் அயனியின் பருமன் மட்டும் லாந்தனத்திலிருந்து லுட்டீசியம் வரை படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே வரும். மற்ற குணங்கள் எல்லாம் ஒன்றாக இருந்து ஒரே ஒரு குணம் மட்டும் சீராக மாறுகிற இத்தகைய வரிசை ஆய்வாளருக்குக் கிடைத்த வரம். கனமான, சிறிய அருமண் தனிமங்களான இட்டர்பியம், லுட்டீசியம் ஆகியவற்றைக் கார்னெட் என்ற கனிமம் இறுகப் பிடித்துக்கொள்ளும். கவசத்தில் கார்னெட் நிலையாக இருப்பது ஏறத்தாழ 80 கி.மீ. ஆழத்துக்குக் கீழேதான். ஆகவே ஒரு பாறையில் லேசான லாந்தனமும் சீரியமும் ஏராளமாகவும், கனமான இட்டர்பியம் மிகக் குறைவாகவும் இருந்தால், அது உருகிய இடத்தில் கார்னெட் சக்கையாகத் தங்கியிருக்கிறது, அதாவது ஆழத்தில் உருகியிருக்கிறது என்று சொல்ல முடிகிறது. நிலத்தின் மேல் நின்றுகொண்டு, கைப்பிடி அளவு கல்லின் பொடியைக் கொண்டு, 80 கி.மீ. கீழே எந்தக் கனிமம் இருந்தது என்று அறிவதை நான் இன்றும் வியப்போடுதான் பார்க்கிறேன்.

இந்த வரிசையில் யுரோப்பியம் மட்டும் சற்று வேறுபட்டது. அது சில சூழல்களில் மின்சுமை இரண்டாக மாறி, கால்சியத்தின் இடத்தில் பிளாஜியோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்துக்குள் புகுந்துவிடும். எனவே ஒரு பாறையின் அருமண் வரைபடத்தில் யுரோப்பியம் இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால், அந்தக் குழம்பிலிருந்து ஏற்கெனவே ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள் பிரிந்து போயிருக்கின்றன என்று பொருள்.

படிகங்கள் பிரிவது என்ன என்பதைப் பனங்கற்கண்டு செய்யும் முறையிலிருந்து புரிந்துகொள்ளலாம். காய்ச்சிய பதநீர்ப் பாகைப் பானையில் ஊற்றி, நூலைத் தொங்கவிட்டு, நாள் கணக்கில் வைத்தால், நூலில் சர்க்கரைப் படிகங்கள் சேர்கின்றன. படிகத்தில் சேராத மற்றவை எல்லாம் எஞ்சிய பாகில் செறிந்து, அது கறுத்துப்போகிறது. பாறைக்குழம்பும் மேலேறும் வழியில் அறைகளில் தங்கி ஆறும்போது முதலில் ஆலிவின் படிகங்கள் உருவாகி அடியில் படியும். அவை மக்னீசியத்தையும் நிக்கலையும் எடுத்துக்கொண்டு போய்விடும். பிறகு பைராக்சீன், ஃபெல்ட்ஸ்பார் என்று மற்றவை பிரியும். நம் பகுதி டோலரைட் வகைக் கற்களில் மக்னீசியம் ஆக்சைடு பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில் இருப்பதற்குக் காரணம் இதுவே. கவசத்திலிருந்து நேரடியாக வந்த குழம்பாக இருந்தால் அது இன்னும் அதிகமாக இருந்திருக்கும். அதாவது, நம் சமையல் மேடையில் கிடப்பது எஞ்சிய பாகு. ஆலிவின் படிகங்கள் இன்னும் கீழே, நம் கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் கிடக்கின்றன. இவற்றோடு இன்னொரு சிக்கலும் உண்டு. குழம்பு மேலோட்டின் வழியே ஏறும்போது சுற்றியுள்ள பழைய நைஸ், கிரானைட் பாறைகளைக் கொஞ்சம் கரைத்துச் சேர்த்துக்கொள்ளும். அந்தக் கலப்பைக் கண்டுபிடித்துக் கழிக்காவிட்டால், மேலோட்டின் குணத்தைக் கவசத்தின் குணம் என்று தவறாக எண்ணிவிட நேரும்.

பழைய பாறைகளில் மற்றொரு தொல்லை, அவை பிறந்த கோலத்தில் இருப்பதில்லை என்பது. கோடிக்கணக்கான ஆண்டுகளில் வெப்பமும் அழுத்தமும் நிலத்தடி நீரும் அவற்றை மாற்றியிருக்கும். சோடியம், பொட்டாசியம், ருபிடியம், பேரியம் போன்றவை நீரில் எளிதில் பெயர்ந்துவிடும். அவற்றை நம்பி முடிவெடுத்தால் ஏமாற்றம்தான். கோயில் சுவரில் பூசிய சுண்ணாம்பு ஒவ்வொரு மழைக்கும் கரைந்தாலும் கல்லில் வெட்டிய எழுத்து நிற்பதுபோல, டைட்டானியம், சிர்கோனியம், நியோபியம், இட்ரியம், தோரியம், பெரும்பாலான அருமண் தனிமங்கள் ஆகியவை பெயராமல் நிற்கும். பழம் எரிமலைப் பாறைகளின் ஆய்வு பெரும்பாலும் இந்த நகராத் தனிமங்களையே ஆதாரமாகக் கொள்கிறது. உதாரணமாக, ஒரு கடல்தட்டு இன்னொரு தட்டின் அடியில் செருகும் இடங்களில் பிறக்கும் லாவாவில் நியோபியம் தன்னையொத்த மற்ற ஒவ்வாத் தனிமங்களைவிடக் குறைந்து காணப்படும். பசிபிக் பெருங்கடலைச் சுற்றியுள்ள எரிமலைகளில் இதைத் தெளிவாகக் காணலாம். இதே நியோபியக் குறைவு பல பழைய பாறைகளிலும் இருப்பதால், 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தட்டுகள் செருகின என்று சிலர் வாதிடுகிறார்கள். இங்கே நிதானம் தேவை. மேலோட்டுப் பாறையிலும் நியோபியம் குறைவு. குழம்பு அதைக் கரைத்துச் சேர்த்துக்கொண்டிருந்தாலும் இதே அடையாளம் தோன்றும். எரிமலைச் சூழல்களைக் கட்டங்களாகப் பிரித்துக் காட்டும் தனிம வரைபடத்தில் ஒரு பாறையின் புள்ளி எந்தக் கட்டத்துக்குள் விழுகிறது என்பதை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது சரியான முறை அன்று. அந்தக் கட்டங்கள் இன்றைய எரிமலைகளைக் கொண்டு வகுக்கப்பட்டவை. பழைய பூமி அதே விதியில்தான் இயங்கியது என்பதை முதலில் நிறுவ வேண்டும்.

இந்தக் குழப்பத்தைப் பெருமளவு தீர்ப்பவை ஐசோடோப்புகள், அதாவது ஒரே தனிமத்தின் நிறை வேறுபட்ட அணு வகைகள். உருகுவதாலோ படிகங்கள் பிரிவதாலோ ஒரு கனத் தனிமத்தின் ஐசோடோப்பு விகிதம் குறிப்பிடத்தக்க அளவில் மாறுவதில்லை. எனவே மூலப்பாறையின் விகிதம் குழம்புக்கு அப்படியே வந்து சேர்கிறது. அந்த விகிதத்தை மாற்றுவது காலம் மட்டுமே. ருபிடியம்-87 சிதைந்து ஸ்ட்ரான்சியம்-87 ஆகிறது. இதன் அரை ஆயுட்காலம், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், ஏறத்தாழ 4,900 கோடி ஆண்டுகள். சமேரியம்-147 சிதைந்து நியோடிமியம்-143 ஆகிறது. இதற்குச் சுமார் 10,600 கோடி ஆண்டுகள். ருபிடியம் மிகவும் ஒவ்வாத தனிமம் என்பதால், கவசம் உருகும்போதெல்லாம் அது குழம்போடு மேலோட்டுக்கு வந்துவிடுகிறது. அதனால் மேலோட்டில் ஸ்ட்ரான்சியம்-87 காலப்போக்கில் ஏறிக்கொண்டே போகிறது. சக்கையான கவசத்தில் மெல்லத்தான் ஏறுகிறது. நடுக்கடல் எரிமலைகளின் பசால்ட்டில் ஸ்ட்ரான்சியம்-87க்கும் 86க்கும் உள்ள விகிதம் 0.703ஐ ஒட்டி இருக்க, பழைய கண்டப்பாறைகளில் அது 0.71ஐத் தாண்டியும் செல்லும். மூன்றாவது தசமத்தில் தெரியும் இந்த வேறுபாடு மிகச் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் நிறைமாலைமானி என்ற கருவி ஐந்தாவது, ஆறாவது தசமம் வரை அளக்கவல்லது. ஒரு பாறையின் வயதும் இன்றைய விகிதமும் தெரிந்துவிட்டால், பின்னோக்கிக் கணக்கிட்டு, அது பிறந்த அன்று இருந்த விகிதத்தை எடுத்துவிடலாம்.

இந்த முறை நம் மண்ணில் என்ன கண்டறிந்தது என்பதற்குத் திருப்பத்தூர் அருகே உள்ள செவ்வாத்தூரைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. பழைய வட ஆர்க்காட்டைச் சேர்ந்த இந்த ஊரில் கார்பனடைட் என்ற அபூர்வப் பாறை இருக்கிறது. பார்ப்பதற்குச் சுண்ணாம்புக்கல்போல இருக்கும். பாதிக்கு மேல் கார்பனேட் கனிமங்களே. ஆனால் இது கடலடியில் படிந்தது அன்று, குழம்பாக வந்து இறுகியது. கார்பனேட் குழம்பு வழிய முடியுமா என்று ஐயப்படுகிறவர்களுக்குத் தான்சானியாவின் ஓல்டோய்ன்யோ லெங்காய் எரிமலை விடை தருகிறது. அது இன்றும் 500 முதல் 600 டிகிரி வெப்பத்தில் கரிய கார்பனேட் லாவாவைக் கக்குகிறது. செவ்வாத்தூரில் எரிமலை வாய் எஞ்சவில்லை, அதன் அடிவேர் மட்டுமே நிலத்தில் தெரிகிறது. அதனோடு மக்னீசியம் மிகுந்த பைராக்சினைட் பாறையும் சையனைட் பாறையும் சேர்ந்து கிடக்கின்றன. ஏலகிரி மலையின் சையனைட்டும் ஏறத்தாழ இதே காலத்தது. சூடேற்றினால் பல மடங்கு உப்பும் வெர்மிகுலைட் கனிமத்துக்காக இந்த ஊர் அறியப்பட்டது. நியோபியம் கொண்ட பைரோகுளோர் என்ற கனிமமும் இங்கே உண்டு.

சுண்ணாம்புக்கல்லையும் கார்பனடைட்டையும் வேறுபடுத்துவது வேதியியல்தான். கார்பனடைட்டில் ஸ்ட்ரான்சியமும் லேசான அருமண் தனிமங்களும் சுண்ணாம்புக்கல்லில் இருப்பதைவிடப் பல மடங்கு மிகுந்திருக்கும். கவசத்தில் நூறில் ஒரு பங்குகூட உருகாத நிலையில் பிறக்கும் முதற்பிழிவு என்றும், காரத்தன்மை மிகுந்த சிலிக்கேட் குழம்பிலிருந்து நீரில் எண்ணெய் பிரிவதுபோலப் பிரிந்தது என்றும் இதன் பிறப்புக்கு இரு விளக்கங்கள் உண்டு. எவ்வாறு பிறந்திருந்தாலும், ஸ்ட்ரான்சியம் இவ்வளவு செறிந்திருப்பதால் ஒரு பெரிய நன்மை விளைகிறது. வரும் வழியில் கொஞ்சம் கிரானைட்டைக் கரைத்துச் சேர்த்தாலும், அந்தக் கலப்பு இந்தப் பெருஞ்செறிவில் காணாமல் போய்விடும். டோலரைட்டில் நம்மைக் குழப்பும் கலப்புச் சிக்கல் இங்கே பெரும்பாலும் இல்லை. ஆகவே கார்பனடைட் காட்டும் ஐசோடோப்பு விகிதத்தைக் கவசத்தின் விகிதம் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல்லிலும் கார்பனடைட் உண்டு. அதன் வயது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகள். செவ்வாத்தூருடையது சுமார் 77 கோடி ஆண்டுகள். இரண்டின் ஸ்ட்ரான்சியம், நியோடிமியம் ஐசோடோப்புகளை அளந்து 1998இல் வெளியான ஆய்வு ஒன்று, நடுக்கடல் பசால்ட்டின் மூலம்போலப் பிழிந்தெடுத்த சக்கையிலிருந்து இவை வரவில்லை, ஒவ்வாத் தனிமங்கள் வெகுகாலத்துக்கு முன்பே செறிந்துவிட்ட கவசப்பகுதியிலிருந்து வந்தவை என்று காட்டியது. 160 கோடி ஆண்டு இடைவெளியில் இருமுறை உருகியபோதும் அதே வகை மூலமே கிடைத்திருக்கிறது. கவசம் ஓயாமல் சுழன்று கலந்துகொண்டிருக்கும் ஓர் அடுக்கு. அவ்வளவு நீண்ட காலம் ஒரு செறிவு கலையாமல் அதே நிலத்தின் அடியில் நிற்க வேண்டுமானால், அது அந்தச் சுழற்சியில் சேராமல், கண்டத்தின் அடிப்பாகத்தோடு ஒட்டிக்கொண்டு, கண்டம் நகர்ந்த இடத்துக்கெல்லாம் கூடவே நகர்ந்திருக்க வேண்டும். அந்த அடிப்பாகத்தின் மேல்தான் ஏலகிரியும் சவ்வாது மலையும் பாலாற்றுப் படுகையும் இன்று இருக்கின்றன.